நட்பின் ஐகான் பிறந்த கதை

நடு எகிப்தில், நைல் நதியின் மேற்குப் பக்கம், பாவீத் என்றோர் ஊர். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பா அப்பொல்லோ என்ற துறவி அங்கே ஒரு மடம் நிறுவினார். மடம் வளர வளர, சிற்றாலயங்களும் துறவியர் அறைகளும் பெருகின. அவற்றின் சுவர்களில் ஓவியங்கள் ஏறின. பிற்காலத்தில் அந்த மடத்தை நடத்தியவர்களில் மேனா என்பவரும் ஒருவர். ஒட்டகங்களோடு வரையப்படும் போர்வீரரான மறைசாட்சி புனித மேனாஸ் வேறு, இவர் வேறு. பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராக்கி எழுதுபவர்கள் இன்றும் உண்டு.

மடத்தலைவர் மேனாவின் நினைவைக் காத்து நிற்பது ஒரு மரப்பலகை. நீளமும் அகலமும் 57 சென்டிமீட்டர். 6 அல்லது 7-ஆம் நூற்றாண்டில் வரையப்பட்டது என்பது பெரும்பாலோர் கணிப்பு. வரைந்தவர் தம் பெயரை விட்டுச் செல்லவில்லை.

பலகையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். நமக்கு வலப்பக்கம் இயேசு. தலைக்குப் பின்னால் சிலுவை பொறித்த ஒளிவட்டம், இடக்கையில் மணிகள் பதித்த கனத்த புத்தகம். அவர் பக்கத்தில் மேனா. ஒரு கையில் சின்னச் சுருள், மறு கை ஆசி வழங்கும் நிலையில். உடலுக்குப் பொருந்தாத பெரிய தலைகள், அகல விரிந்த கண்கள். பின்னால் குன்றுகள், அவற்றுக்கு மேலே செவ்வானம். இயேசுவின் வலக்கை மேனாவின் முதுகைச் சுற்றிவந்து அவருடைய வலத்தோளில் படிந்திருக்கிறது.

அந்தக் கைதான் எல்லாம். ஆண்டவரையும் அடியாரையும் ஒன்றாக வரையும்போது, அடியாரைச் சிறிதாக்கிக் காலடியில் மண்டியிட வைப்பது பல ஓவியர்களின் வழக்கம். இங்கே இருவரும் ஒரே தரையில், ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். யோவான் 15-ஆம் அதிகாரத்தில், பாடுபடுவதற்கு முந்தைய இரவில், சீடர்களை இனி ஊழியர்களாக அல்ல, நண்பர்களாகவே எண்ணுவதாக இயேசு சொல்கிறார். தந்தையிடம் கேட்டதை எல்லாம் அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டதே அதற்கு அவர் தரும் காரணம். ஆபிரகாமைக் கடவுளின் நண்பர் என்கிறது யாக்கோபின் திருமுகம். மோசேயோடு கடவுள் நண்பனிடம் பேசுவதுபோலப் பேசினார் என்கிறது யாத்திராகமம். அவர்கள் பெரியவர்கள். பாவீத் ஓவியரோ ஒரு மடத்தின் நிர்வாகத்தைச் சுமந்த மனிதருக்கு அந்த இடத்தைத் தந்துவிட்டார். எனக்கு இதில் பெரிதாகப் படுவது இன்னொன்று: இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, எதிரே இருக்கும் நம்மைப் பார்க்கிறார்கள். நண்பரின் கை தோளில் இருக்கும்போதே மேனா நமக்கு ஆசி தருகிறார். பக்தி இருவருக்குள்ளேயே முடிந்துபோகாமல் மற்றவர்களை நோக்கித் திரும்பிவிட்டது.

8, 9-ஆம் நூற்றாண்டுகளில் பைசாந்தியப் பேரரசு ஐகான்கள் எனப்படும் திருவோவியங்களை ஒழிக்க முற்பட்டபோது எத்தனையோ பழைய ஓவியங்கள் அழிந்தன. எகிப்து அதற்குள் அரபு ஆட்சிக்குப் போய்விட்டதால் பேரரசரின் ஆணை அங்கே செல்லவில்லை. மடம் கைவிடப்பட்ட பிறகு பாலைமணல் எல்லாவற்றையும் மூடியது. ஈரமில்லாத அந்த மணல் மரத்தையும் வண்ணத்தையும் காப்பாற்றியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பாவீத் இடிபாடுகளைத் தோண்டினார்கள். பலகை பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

‘நட்பின் ஐகான்’ என்ற பெயரைப் பரப்பியது தெய்ஸே குழுமம். சகோதரர் ரோஜே 1940-இல் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் தொடங்கிய, பல சபையினரும் சேர்ந்து வாழும் துறவுக் குழுமம் அது. அங்கே ஜெபிக்க வரும் இளைஞர்கள் வழியே இதன் பிரதிகள் பல நாடுகளுக்குப் போயின. ஓவியர் வைத்த பெயர் இல்லைதான், ஆனாலும் இதைவிடப் பொருத்தமான பெயர் இதற்குக் கிடையாது.

இதன் பிரதியை வீட்டு ஜெப அறையில் வைக்க நினைப்பவர்கள், இயேசுவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து மாட்டாதீர்கள். மேனாவும் அந்தக் கையும் இருக்கும் முழுப் படத்தையே வையுங்கள்.