கூந்தலும் நற்சான்றுப் பத்திரமும்

நேயர்களே, தலைமயிர் உதிரக் கண்டு மனங்கலங்காதவர் அரியர். அக்கலக்கத்தையே மூலதனமாக்கிச் செல்வம் திரட்டிய ஒரு குடும்பத்தின் வரலாற்றையும், அதிலிருந்து எழும் ஒரு வினாவையும் இன்று சிந்திப்போம்.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே, நயாகரா மாவட்டத்தில், சதர்லண்ட் என்னும் குடும்பத்திற் பிறந்த சகோதரியர் எழுவர் இருந்தனர். ஊரூராகச் சென்று இசைபாடிய அவர்களைக் காண மக்கள் திரண்டனர். அவர்களை ஈர்த்தது பாட்டினும் மேலாக அப்பெண்களின் நெடுங்கூந்தலே. 1880ஆம் ஆண்டுகளில் அவர்களின் பெயரால் மயிர் வளர்க்கும் மருந்தொன்று விற்பனைக்கு வந்தது. மருந்துக்கடைகளின் கண்ணாடிச் சாளரத்தருகே சகோதரியர் அமர்ந்து கூந்தலை விரித்துக் காட்டுவர்; உள்ளே போத்தல்கள் விற்பனையாகும். அவ்வருவாயில் 1893இல் மாளிகையொன்றும் எழுந்தது.

ஆனால் மருந்து பிறக்குமுன்னரே அக்கூந்தல் வளர்ந்துவிட்டது! வாங்கியோர் இதனை எண்ணிப் பார்த்திலர்.

அக்காலப் பத்திரிகைகளில் இத்தகைய மருந்துகளுக்கு நற்சான்றுப் பத்திரங்களும் மலிந்திருந்தன. அவற்றை எழுதியோர் யாவரும் பொய்யரா? அல்லர். 1905இல் கொலியர்ஸ் வார இதழில் போலி மருந்துகளை அம்பலப்படுத்திய சாமுவேல் ஹொப்கின்ஸ் அடம்ஸ், உடலின் இயல்பான வலிமையாற் குணமடைந்தவரே மருந்துக்கு நன்றி கூறி எழுதுகின்றார் எனச் சுட்டினார்.

தலைமயிருக்கு இக்கூற்று மிகவும் பொருந்தும். ஒவ்வொரு மயிரும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்து, பின் உதிர்வது இயற்கை. கடுங்காய்ச்சல் கண்டவருக்கும் மகப்பேறுற்ற தாய்மாருக்கும் இரண்டு மூன்று மாதங்களின் பின்னர் மயிர் கொத்தாக உதிர்வதுண்டு. பெரும்பாலும் அது தானாகவே மீளும். உதிர்வு உச்சமடைந்த வேளையிலேதான் மனிதர் மருந்தைத் தேடுகின்றனர். அதன்பின் வளர்வது மருந்தின் புகழாகிவிடுகின்றது.

இன்னொன்றும் உண்டு. பயன் கண்டதாக நம்புகிறவர் கடிதம் எழுதுவார். ஏமாந்தவரோ வெட்கத்தால் வாய் திறவார். எழுதப்பட்டவற்றுள்ளும் தமக்கு உகந்தனவற்றையே வணிகர் அச்சிடுவர். மௌனமானோரின் தொகையை எந்த விளம்பரமும் கூறுவதில்லை.

இம்மயக்கத்தைத் தெளிவிக்கும் வழியைப் பிற்கால விஞ்ஞானம் கண்டது. மினொக்சிடில் என்னும் மருந்தைப் பெண்களிடத்துச் சோதித்தபோது, ஒரு சாராருக்கு மருந்தையும் மறுசாராருக்கு மருந்தில்லா நீர்மத்தையும், இன்னதென்று அறிவியாமலே, கொடுத்தனர். எட்டு மாதங்களின் பின், மருந்திட்டோரில் 100க்கு 59 பேர் சிறிதேனும் மயிர் வளர்ந்ததென்றனர். வெறும் நீர்மம் பூசியோரிலும் 100க்கு 40 பேர் அவ்வாறே கூறினர்! அந்நாற்பதின்மரும் மனமறியப் பொய்யுரைத்தவரல்லர். அவர்கள் நற்சான்று எழுதியிருப்பின், ஒன்றுமில்லாத போத்தலும் அருமருந்தாகியிருக்கும். மருந்தின் உண்மைப் பயன், இரு தொகைகளுக்கும் இடைப்பட்ட வேற்றுமையிலேயே தெரியும். நற்சான்றுப் பத்திரத்திலோ ஒப்புநோக்க மறுபக்கம் இல்லை.

1920ஆம் ஆண்டுகளில் பெண்கள் கூந்தலைக் கத்தரிக்கும் நாகரிகம் பரவவே, சதர்லண்ட் மருந்தின் விற்பனை வீழ்ந்தது. 1938இல் அவர்களின் மாளிகையும் தீக்கிரையாயிற்று. அம்மருந்தை வீழ்த்தியது ஆராய்ச்சியன்று, நாகரிக மாற்றமே என்பது கவனிக்கத்தக்கது.

ஆதலின், நேயர்களே, "எனக்குப் பலித்தது" என ஒருவர் கூறும்போது அவரை ஐயுற வேண்டியதில்லை. "மருந்தின்றியே பலித்திராதா? பலியாதோர் எத்தனை பேர்?" என்று கேட்டுப் பார்ப்போம். இவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைக்கும்வரை பணப்பையைத் திறவாதிருப்பதே அறிவுடைமை.