கவுல்: பறவைகளுக்காகக் கொடுக்கப்பட்ட வாக்கு

செங்கல்பட்டு மாவட்டத்தில் பறவைகளால் புகழ்பெற்ற ஊர்கள் இரண்டு. ஒன்று, தன் பெயரிலேயே கழுகைத் தாங்கி நிற்கும் திருக்கழுக்குன்றம். மற்றொன்று வேடந்தாங்கல். முன்னதைப் பாட்டு புகழேற்றியது. பின்னதை ஒரு வாக்கு காத்தது. இவ்விரண்டின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கையில், முஸ்லிம்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய ஒரு பாடம் கிடைக்கிறது.

திருக்கழுக்குன்றத்தைத் தேவார மூவரும் பாடியுள்ளனர். திருவாசகத்தில் இவ்வூருக்கென்றே ஒரு பதிகம் உண்டு. நண்பகலையொட்டி இரண்டு வெண்ணிறக் கழுகுகள் மலைமீது வந்திறங்கி, பூசகர் வைக்கும் உணவை உண்டு செல்வதைக் காண மக்கள் திரண்டனர். ஊருக்குப் ‘பட்சி தீர்த்தம்’ என்ற பெயரும் வழங்கிற்று. 1990களின் இறுதியோடு அக்கழுகுகளின் வருகை நின்றுபோனது.

அதே காலத்தில் இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் மடிந்தன. கால்நடைகளின் வலி தீர்க்கக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே பெருங்காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. இறந்த மாட்டின் இறைச்சியில் எஞ்சியிருந்த அம்மருந்து கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2006இல் கால்நடைகளுக்கான அதன் பயன்பாட்டை அரசு தடை செய்தது. அதற்குள் பல கோடிக் கழுகுகள் அழிந்துவிட்டன. குன்றில் உணவளித்த கைகள் இருந்தன. குன்றுக்கு அப்பால் அவை பறந்து திரிந்த நிலத்திற்குப் பொறுப்பேற்பார் இல்லை.

வேடந்தாங்கலின் கதை வேறு. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அதன் ஏரியில், நீரில் நிற்கும் மரங்களின்மேல் நாரைகளும் கூழைக்கடாக்களும் அரிவாள்மூக்கன்களும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் அப்பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டனர். 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்று அவர்களுக்கு ஒரு ‘கவுல்’ வழங்கப்பட்டது. அந்த ஆவணம் தொலைந்தபோதும் ஊரார் விடவில்லை, 1858இல் புதுப்பித்துக்கொண்டனர். 1936இல் அவ்விடம் சரணாலயமாக ஏற்கப்பட்டது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

‘கவுல்’ என்ற இச்சொல் நமக்கு அந்நியமானதன்று. ‘சொல்’ எனப் பொருள்படும் ‘கவ்ல்’ என்ற அரபுச் சொல்லே வருவாய்த்துறை வழக்கின் வழியே தமிழுக்கு வந்து, எழுத்தில் தரும் உறுதிமொழியைக் குறித்தது.

நிலத்தை வாக்கினால் காக்கும் மரபும் நமக்குப் புதிதன்று. மக்காவும் மதீனாவும் ஹரம் எல்லைகள். அங்கே வேட்டையாடக் கூடாது. மதீனாவுக்கு அருகிலுள்ள நகீஃ என்னும் மேய்ச்சல் நிலத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ‘ஹிமா’வாக, அதாவது காப்பு நிலமாக அறிவித்தார்கள். பின்னர் ரபதாவை ஹிமாவாக்கிய கலீஃபா உமர் (ரலி) அவர்கள், சில ஒட்டகங்களும் ஆடுகளும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே விடுமாறும், செல்வர்களின் மந்தைகளைத் தவிர்க்குமாறும் காவலருக்குக் கட்டளையிட்டார்கள். நிலத்தைக் காப்பதும் எளியோரைக் காப்பதும் அங்கே ஒன்றாயின. பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே எனத் திருக்குர்ஆன் (6:38) அறிவிப்பதை அந்தத் தலைமுறை வாழ்ந்து காட்டியது.

இந்த உணர்வைத் தமிழில் கவிதையாக்கியவர் உமறுப்புலவர். சீறாப்புராணத்தின் ‘மானுக்குப் பிணைநின்ற படலம்’ நம் வீடுகளில் மறக்கப்படக் கூடாதது. வேடனிடம் சிக்கிய பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வருவதாக வாக்களிக்கிறது. நபிகளார் (ஸல்) அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடியே திரும்பி வருகிறது. வேடனின் உள்ளம் மாறுகிறது. ஒரு விலங்கின் சொல்லுக்குக்கூட மதிப்பளிக்க வேண்டும் என்பதே அப்படலத்தின் உயிர்நாடி.

பாட்டு போற்றத்தக்கதே. ஆயினும் பாட்டு மட்டும் பறவையைக் காப்பதில்லை. நாரையைத் தூதனுப்பிய சத்திமுத்தப் புலவரின் கவிதை, நாரையைக் கண்டறியாத பிள்ளைக்கு வெறும் பாடமாகவே எஞ்சும். வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள காப்பு எல்லையைக் குறைக்கும் முன்மொழிவு 2020இல் எழுந்து, பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. 1798இல் பெற்ற வாக்கை ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் காக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர் ஏரியும், அதன் கரை மரங்களும், அவற்றில் தங்கும் உயிர்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். குப்பை கொட்டாதிருப்பதும், ஆக்கிரமிப்புக்குத் துணை போகாதிருப்பதும் நாம் தரக்கூடிய கவுல். அந்த வாக்கைப் பேணும் மக்களாக வல்ல இறைவன் நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன்.