பாளையங்கோட்டை கிளாரிந்தா: முதல் பெயர்

திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டண்ட் சபை வரலாற்றைப் பெரும்பாலும் ரேனியஸ், கால்டுவெல் போன்ற மிஷனரிகளின் பெயர்களோடு தொடங்குவது வழக்கம். ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820ல். கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது 1841ல். ஆனால் பாளையங்கோட்டை சபையின் உறுப்பினர் பட்டியல் ஒன்று 1780லேயே எழுதப்பட்டுவிட்டது. அதில் இருந்தவர்கள் 40 பேர். முதலில் எழுதப்பட்ட பெயர் கிளாரிந்தா. அவர் மிஷனரியோ, மிஷனரியின் மனைவியோ அல்லர். மராட்டிய பிராமணக் குலத்தில் பிறந்த ஒரு விதவை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அதே சபை அவருக்கு ஞானஸ்நானம் தர மறுத்திருந்தது.

கிளாரிந்தா தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். அக்காலத்தில் தஞ்சையை ஆண்டது மராட்டிய அரச குடும்பம். அங்கே உயர்குலத்து விதவையின் நிலை என்ன என்பதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. தலை மழிப்பு, ஒருவேளை உணவு, மங்கல காரியங்களில் விலக்கு, சில குடும்பங்களில் உடன்கட்டை. சென்னை மாகாணத்தில் உடன்கட்டையைத் தடை செய்யும் சட்டம் வந்ததே 1830ல்தான். லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி கிளாரிந்தாவை எரியும் சிதையிலிருந்து மீட்டார் என்ற கதை இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அ. மாதவையா 1915ல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' நாவல் அந்தக் காட்சியைப் பலர் மனத்தில் பதித்துவிட்டது. மாணவர்கள் நாவலையும் ஆவணத்தையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. அவர் அந்த அதிகாரியின் பாதுகாப்பில் வாழ்ந்தார், அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்தார், கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைகளை அவரிடமிருந்தே கற்றார் என்பவையே வரலாற்றுக்குப் போதும்.

அவரைப் பொறுத்தவரை திரும்பிச் செல்ல வீடு இல்லை. அந்நியனோடு வாழ்ந்த விதவையைக் குலம் ஏற்காது. இந்த நிலையில்தான் அவர் ஞானஸ்நானம் கேட்டார். கேட்டது சி. எஃப். ஸ்வார்ட்ஸிடம். 1750ல் தரங்கம்பாடிக்கு வந்து, பின் திருச்சியிலும் தஞ்சையிலும் பணியாற்றியவர். ஐதர் அலி முதல் தஞ்சை அரசர் வரை பலரும் மதித்த மனிதர். அவர் மறுத்தார். லிட்டில்டனும் கிளாரிந்தாவும் முறைப்படி மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதே காரணம்.

சபை ஒழுங்கின்படி ஸ்வார்ட்ஸ் செய்ததில் தவறு காண்பது கடினம். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உறவில் இருவர் இருந்தனர். ஞானஸ்நானம் ஏற்கனவே பெற்றிருந்தவர் அவர், பெறாதவர் இவர். அதனால் கதவு இவருக்குத்தான் அடைபட்டது. மணம் செய்துகொள்ளும் அதிகாரமும் இவர் கையில் இல்லை. பழைய சமயம் தள்ளிவிட்டது, புதிய சமயம் ஏற்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோட்டை ஊரில் வெளியூர்ப் பெண்ணாக நின்றார்.

அந்த இடைக்காலத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். விசுவாசத்தை விட்டுவிடவில்லை. தனக்குத் தெரிந்ததைத் தன்னைச் சுற்றியிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பது திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் நினைவு. லிட்டில்டன் இறந்த பின், 1778ல் ஸ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். திருச்சிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஒரு போதகர் அடிக்கடி வந்துபோகும் தூரமல்ல. ஸ்வார்ட்ஸ் மீண்டும் வந்தது 1785ல்தான். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் அங்கு குடியிருந்த குருவானவர் ஒருவரும் இல்லை. 1780ஆம் ஆண்டுப் பட்டியலின் 40 பெயர்களும் அந்த ஏழு ஆண்டுகளுக்குள் வருபவை.

கணவரை இழந்து, பின் ஆதரவாக இருந்தவரையும் இழந்த ஒரு பெண் அன்று எதிர்பார்க்கக்கூடிய பத்திரமான வாழ்க்கை என்பது இருப்பதை வைத்து அமைதியாக ஒதுங்கி வாழ்வதே. அவரிடம் பொருள் இருந்தது. அதைக் கோயில் கட்டச் செலவிட்டார். கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் சிலரும் உதவினர். அந்தக் கோயிலை ஸ்வார்ட்ஸ் 1785ல் பிரதிஷ்டை செய்தார். பாளையங்கோட்டையின் அடையாளமான ஊசிக்கோபுரம் ஆலயம் கட்டப்பட்டது 1826ல். அதைவிட இது 41 ஆண்டுகள் மூத்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஊசிக்கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள், இந்தச் சிறிய கோயிலைத் தேடுகிறவர்கள் குறைவு.

கட்டடத்தோடு நின்றுவிடாமல், சபைக்கு ஒரு நிலையான ஊழியர் வேண்டும் என்று ஸ்வார்ட்ஸிடம் கேட்டவரும் அவரே. சத்தியநாதன் என்ற தமிழர் உபதேசியாராக அனுப்பப்பட்டார். 1790 டிசம்பர் 26ல் தஞ்சாவூரில் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது; பாளையங்கோட்டை சபை அவர் பொறுப்பில் வந்தது. ஐரோப்பிய மிஷனரியான யானிக்கே அங்கு வந்தது அதற்குப் பிறகே. வரிசை இதுதான்: முதலில் ஒரு பெண்ணின் வீட்டு வட்டம், பிறகு கோயில், பிறகு தமிழ்க் குருவானவர், அதன் பிறகே ஐரோப்பிய மிஷனரி. மிஷனரி வந்து சபை உண்டாக்கினார் என்ற வழக்கமான சித்திரம் இங்கே தலைகீழாகிறது.

ஊரார் அந்தக் கோயிலுக்குக் கொடுத்த பெயர் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்'. பொதுமக்களுக்காக அவர் வெட்டியதாகச் சொல்லப்படும் கிணறும் பாப்பாத்தி அம்மாள் கிணறுதான். எந்தக் குலத்தில் அவருக்கு இடமில்லாமல் போயிற்றோ அந்தக் குலத்தின் பெயரே அவர்மேல் நிலைத்தது விசித்திரம். அந்த மரியாதையில் சாதிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு தாழ்த்தப்பட்ட பெண் இதே பணியைச் செய்திருந்தால் ஊர் அவர் பெயரில் ஒரு கோயிலை அழைத்திருக்குமா என்பது சந்தேகமே.

1799ல் முதலூர் உருவானது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென அமைத்துக்கொண்ட முதல் குடியிருப்பு அது, பெயரும் அதனால் வந்ததே. கிளாரிந்தா 1806ல் இறந்தார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் முதலூர் எழுந்த செய்தி அவர் காதுக்கு எட்டியிருக்கும்.