காணியும் சந்தாவும்: யாழ்ப்பாணத்துக் கிராமப் பொது மண்டபங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாற்றை எழுத முற்பட்டோர் கோயில்களைப் பற்றியும் பாடசாலைகளைப் பற்றியும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஒழுங்கை முகப்பிலோ நாற்சந்தியிலோ நான்கு வாங்குகளும் ஒரு மேசையும் சில பத்திரிகைகளுமாக நின்ற வாசிகசாலைக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. கோயிலுக்கு உரிமைக்காரர் இருந்தனர். பாடசாலைக்கு முகாமையாளர் இருந்தார். வாசிகசாலையோ, பின்னர் அது வளர்ந்து பெற்ற வடிவமாகிய சனசமூக நிலையமோ, ஊதியம் பெறாத ஊரவர் சிலரால் ஊரவரின் பணத்தைக்கொண்டு நடத்தப்பட்டது. ஒரு கிராமம் தனக்கெனப் பொதுவான ஒன்றைத் தானே நடத்த முயன்றபோது எவர் பணங் கொடுத்தார், எவர் தீர்மானித்தார், எவர் வெளியே நின்றார் என்ற வினாக்களே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்புபவை.

கிராமிய ஆட்சிக்கென 1871 ஆம் ஆண்டிலே கட்டளைச் சட்டமொன்று பிறந்ததாயினும், அதன்கீழ் அமைந்த சபைகள் நெடுங்காலம் உத்தியோகத்தரின் நிழலிலேயே இயங்கின. ஊரவர் தாமாகக் கூடுவதற்கான உந்துதல் வேறு திசையிலிருந்து வந்தது. 1930 இல் வீரகேசரியும் ஈழகேசரியும், 1932 இல் தினகரனும் வெளிவரத் தொடங்கின. 1931 இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. வாக்குப் பெற்றவன் செய்தி அறிய விரும்பினான். ஆனால் நாள்தோறும் பத்திரிகை வாங்கும் வசதி அவனுக்கு இல்லை. எனவே ஒரு பத்திரிகையை ஐம்பது பேர் வாசிப்பதற்கு ஓரிடம் வேண்டியதாயிற்று. எழுத்தறியாதார்க்கு மற்றொருவர் உரத்து வாசித்துக் காட்டும் வழக்கமும் இருந்ததால், ஐம்பது என்பதும் குறைவான கணக்கே. இந்நூற்றாண்டு மாற்றத்தின் பின்னணியில் மலாயாப் பணமும் நின்றது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே மலாயாவில் எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் பணியாற்றித் திரும்பிய ஓய்வூதியர் பலர், நேரமும் கணக்கெழுதும் பயிற்சியும் ஊரில் மதிப்பும் உடையவராய் இருந்தனர். பல கிராமங்களின் போசகர் பதவிக்கு அவர்களினும் பொருத்தமானோர் இல்லை.

இங்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கத்தை நினைவுகூர்தல் பொருந்தும். 1933 இல் கே. எம். செல்லப்பா தமது இல்லத்திலே தொடங்கிய முயற்சி, 1934 இல் வாடகை அறைக்கு மாறி, 1935 இல் பட்டினசபையின் பொறுப்பாயிற்று. தனியொருவர் ஆர்வம், தொண்டர் குழு, பொதுச்சபை என்ற மூன்று படிகளையும் அது இரண்டாண்டுக்குள் கடந்தது. அதற்குப் பின்னால் வரி அறவிடும் அதிகாரமுள்ள ஒரு சபை இருந்தமையே காரணம். கிராமத்து வாசிகசாலைகளுள் மிகப் பல இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டன. கிராமச் சங்கமும் பின்னர் கிராமசபையும் பத்திரிகைச் செலவுக்குச் சிறு மானியம் வழங்குவதுண்டு. உள்ளூராட்சித் துறையிற் பதிவு பெற்ற நிலையத்துக்கு ஒரு யாப்பும், ஆண்டுப் பொதுக்கூட்டமும், கணக்கறிக்கையும் கட்டாயமாயின. எனினும் மானியத்தைக்கொண்டு எந்த நிலையமும் வாழ்ந்ததில்லை.

அவ்வாறாயின் எதைக்கொண்டு வாழ்ந்தன? முதலாவது சந்தா. மாதச் சில சதம் என்பது சிறு தொகைதான்; ஆயினும் அதைத் திரட்டுவதற்குப் பொருளாளர் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. புகையிலை விற்றுக் காசு புழங்கும் மாதங்களில் சந்தா சேரும், மழைக்காலத்திற் சேராது. காசு கொடுக்க இயலாத வீடுகளிலிருந்து பிடியரிசி பெறப்பட்டது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைப் புறம்பாகப் போட்டுவைத்து, வாரக் கடைசியில் வரும் இளைஞரிடம் கொடுப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. நிருவாக சபைப் பட்டியல்களிலே பெண்களின் பெயரைக் காண்பது அரிது. வரவுப் பக்கத்திலோ அவர்களின் கைப்பிடி தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அப்பிடியரிசி கணக்கேட்டிலே எந்தப் பெண்ணின் பெயரிலும் வரவு வைக்கப்படவில்லை. விற்றுவந்த காசு மட்டுமே ஒரு வரியாகப் பதியப்பட்டது.

பெருந்தொகை தேவைப்பட்டபோது நாடகம் போட்டனர். நுழைவுச் சீட்டு விற்று, ஒப்பனைக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுத்தது போக மிஞ்சியது கட்டட நிதிக்குச் சென்றது. நட்டம் வந்த ஆண்டுகளும் உண்டு; அந்நட்டம் வழக்கமாகச் செயலாளரின் சட்டைப்பையிலேயே முடிந்தது. கதிரைகளையும் பெற்றோல்மக்ஸ் விளக்குகளையும் கலியாண வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுத்தல் மற்றொரு வருவாய். நிலையத்தின் ஒரு பகுதியிற் பாலர் பாடசாலை நடத்தி, அதன் ஆசிரியைக்குப் பெற்றோரிடமிருந்து பெற்ற சிறுதொகையை வேதனமாகக் கொடுத்தலும் நாளடைவில் வழக்காயிற்று.

இவையனைத்தையும் விட முக்கியமெனத் தோன்றுவது கூரை. தொடக்க கால வாசிகசாலைகள் பெரும்பாலும் கிடுகால் வேயப்பட்டவை. கிடுகுக் கூரை நெடுங்காலம் தாங்காது. அடிக்கடி மேய்ந்தாக வேண்டும். ஆகவே மாரிக்கு முன் வீட்டுக்கு இத்தனை கிடுகு எனத் தண்டி, ஒரு விடுமுறை நாளில் இளைஞர் கூடிச் சிரமதானமாக மேய்ந்தனர். நிலையத்துக்கு வராதோரும் அன்று ஒரு கட்டுக் கிடுகுடன் வந்தனர். ஓட்டுக் கூரை வந்தபின் இத்தேவை அற்றுப்போயிற்று. ஓடு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஒழுகும் கூரையை நாம் போற்றவில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஊரை அழைத்த ஒரு காரணம் கூரையோடு கழன்று போனதையும் ஆய்வாளர் பதிவுசெய்தல் வேண்டும். கட்டுவதற்குப் பணந் தருவோர் எப்பொழுதும் கிடைத்தனர். தந்தவர் பெயர் கல்லிலே பொறிக்கப்பட்டது. மின்கட்டணத்துக்கும் வெள்ளையடிப்புக்கும் பத்திரிகைக் கடனுக்கும் பணந் தந்தவர் பெயரை எந்தக் கல்லும் தாங்கவில்லை.

அடுத்து, காணி. ஊர்ப் பெரியவர் ஒருவர் பொதுக்கூட்டத்தில் எழுந்து இரண்டு பரப்புக் காணி தருவதாகச் சொல்லுவார். கூட்டம் கரகோஷம் செய்யும். அடுத்த மாதம் அத்திவாரம் வெட்டப்படும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்ட உறுதியின்றி நிலவுரிமை மாறாது. வாய்ச்சொல் சட்டத்தின் முன் ஒன்றுமேயில்லை. உரிமையாளரின் உத்தரவோடு அனுபவிக்கும் நிலத்தில், அவ்வனுபவம் எத்தனை ஆண்டு நீடித்தாலும், அதனால் மட்டும் ஆட்சியுரிமை பிறப்பதுமில்லை. பெரியவர் காலஞ்சென்றபின் அவர் மக்கள் காணியைச் சீதனத்தில் எழுத எண்ணினால், முப்பதாண்டு நின்ற மண்டபம் ஒரே நாளில் வழக்குக்குரிய பொருளாகிவிடும். தேசவழமைப்படி முதுசம் பிரிபடாத பங்குகளாக இருந்த காணிகளிற் சிக்கல் இரட்டிப்பாயிற்று. கொடுத்தவருக்கே முழுக் காணியும் உரியதன்று.

உறுதி எழுதப்பட்ட இடத்திலும் எவர் பெயருக்கு எழுதுவது என்ற வினா எழுந்தது. சங்கம் என்பது கூட்டிணைக்கப்படாதவிடத்துச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளன்று. எனவே மூவரையோ ஐவரையோ நம்பிக்கைப் பொறுப்பாளராக நியமித்து, 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் வழியிலே அவர்கள் பெயரில் எழுதினர். நிருவாக சபை ஆண்டுதோறும் மாறியது. பொறுப்பாளர் மாறவில்லை. அவ்வாறு நியமிக்கப்பட்டோர் யாவர்? காணியும் கல்வியும் உடையோர். பெரும்பாலும் கோயில் நிருவாகத்திலும் இருந்தோர். தெரிவு செய்யப்பட்ட சபையின் கையில் திறப்பும், தெரிவு செய்யப்படாத சிலரின் கையில் உறுதியும் இருந்த இந்நிலையை விளங்கிக்கொள்ளாமல் வாசிகசாலையை வெறுமனே சனநாயகப் பயிற்சிக்களம் என்று புகழ்வது மேலோட்டமான பார்வையாகும்.

இதன் மிகக் கூர்மையான வெளிப்பாடு சாதியிலே காணப்பட்டது. சந்தாப் பட்டியலே வாக்காளர் பட்டியலாதலால், ஒருவரை வெளியே வைப்பதற்கு வாசலில் ஆள் நிறுத்த வேண்டியதில்லை. அவரிடம் சந்தா கேட்காதிருந்தாலே போதும். கேளாத சந்தா மறுக்கப்பட்ட சந்தாவைவிட வசதியானது. யாப்பிலே “கிராமவாசிகள் யாவரும்” என்றிருக்கும். பொருளாளரின் கால்கள் சில ஒழுங்கைகளுக்குள் திரும்பமாட்டா. ஒரே கிராமத்தில் கூப்பிடு தூரத்தில் இரண்டு மூன்று நிலையங்கள் குறிச்சிக்கொன்றாக நிற்பதைக் காணும் வெளியூரவர் இதனை வாசிப்பார்வத்தின் பெருக்கம் எனக் கொள்ளக்கூடும். அதில் ஒருபகுதி உண்மையுண்டு. மறுபகுதி, ஒரே வாங்கிலிருந்து பத்திரிகை வாசிக்க மனங் கொள்ளாதோரின் வரலாறு.

ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கெனக் கட்டிய வாசிகசாலைகளுக்குப் போசகர் இல்லை. மலாயா ஓய்வூதியமும் இல்லை. காணி பெறுதலே பெரும்பாடு. குடியிருந்த நிலமே பிறர் உறுதியிலிருக்கையில் மண்டபத்துக்கு எங்கே போவது? இருந்தும் கூலியிலிருந்து கழித்த காசில் அவை எழுந்தன. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் சாதியின் பெயரால் இழைக்கப்படும் தடைகளைத் தண்டனைக்குரியனவாக்கியபோதும், சட்டம் தானாக நடக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சென்ற ஊர்வலமும், அதன்பின் தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் நிகழ வேண்டியிருந்தன. இத்தகைய இயக்கங்கள் திடீரெனத் தெருவிலே பிறப்பதில்லை. அதற்குமுன் பல இரவுகள் எங்கோ கூடியிருந்து பேசியாக வேண்டும். அத்தகைய கூடலுக்குப் பிறர் அனுமதி வேண்டாத ஒரு கூரை எவ்வளவு பெறுமதியானது என்பதை மதிப்பிடுவது கடினமன்று.

1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் அமைக்கப்பட்டபோது கிராமசபைகள் ஒழிக்கப்பட்டன. பொதுநூலகம் எரிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேதான். பிரதேசசபைச் சட்டம் 1987 இல் வந்தது. ஆனால் வடக்கில் அச்சபைகள் மக்கள் பிரதிநிதிகளுடன் ஒழுங்காக இயங்க நெடுங்காலஞ் சென்றது. மானியமும் மேற்பார்வையும் தளர்ந்த காலத்தில் நிலையங்களைத் தாங்கியோர் தொண்டர்களே. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது மண்டபங்களும் அவற்றின் அலுமாரிகளும் கைவிடப்பட்டன. 2009 க்குப் பின் புலம்பெயர்ந்த உறவினரின் பணத்தாற் பல ஊர்களிலே மாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. மலாயாப் பணம் வகித்த இடத்தை இன்று ரொறன்ரோப் பணமும் இலண்டன் பணமும் வகிக்கின்றன. வேறுபாடு யாதெனில், மலாயா ஓய்வூதியர் திரும்பி வந்து மாலைவேளையில் அதே வாங்கில் அமர்ந்தார். இன்றைய கொடையாளர் திறப்பு விழாவுக்கு மட்டும் வருகிறார், அல்லது வருவதில்லை. சந்தா கேட்டு வீடேறும் வழக்கம் இத்தகைய ஊர்களிலே தளர்ந்துவிட்டது. “வெளிநாட்டார் பார்த்துக்கொள்வர்” என்ற எண்ணம் வந்தபின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு எதற்குப் போவது?

இவ்வரலாற்றை விரிவாக எழுத விரும்புவோர்க்குச் சான்றுகள் சமனாகக் கிடைக்கமாட்டா. ஒவ்வோர் உறுதியின் இணைப்பிரதியும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படல் வேண்டும் என்பது சட்டம். எனவே காணி கொடுத்தவரைத் தேடுவதற்கு ஓரிடம் உண்டு. கூட்டக் குறிப்பேடும் சந்தாப் புத்தகமும் ஒரு பிரதி மட்டுமே எழுதப்பட்டன. அவை செயலாளர் வீட்டு றங்குப்பெட்டியில் இருந்தன. இடம்பெயர்ந்தபோது றங்குப்பெட்டியைத் தூக்கிச் சென்றோர் சிலரே. முன்னாட் பொருளாளர்களுள் இன்னும் நம்மிடையே உள்ளோரிடம், எந்த ஒழுங்கைகளில் ஏறினீர்கள், எவற்றில் ஏறவில்லை என்று கேட்டுப் பதிவுசெய்யும் பணியை நமது மாணவர்கள் தத்தம் ஊர்களில் இவ்விடுமுறையிலேயே தொடங்கலாம்.