முழங்காலின் சரித்திரமும் ஒரு கடிதமும்

சென்ற வாரம் சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். ரோபோவின் உதவியுடன் தமக்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்ததாகவும், மறுநாளே எழுந்து நடந்ததாகவும் கூறினார். மகிழ்ச்சியாக இருந்தது. ஆயினும் தொலைபேசியை வைத்த பின் என் நினைவில் நின்றவர், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த என் பெரியம்மாதான். லயத்துப் படிகளில் அவர் நேராக இறங்கி நான் பார்த்ததில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து மறுகாலைச் சேர்த்தே இறங்குவார்.

மலை ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே முழங்காலுக்குக் கேடு. இறங்கும்போது உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான பாரம் அந்த மூட்டில் விழுகிறது. முதுகில் கொழுந்துக் கூடை இருந்தால் அதுவும் சேரும். மழையில் நனைந்த கொழுந்தின் கனத்தைத் தூக்கியவர்களே அறிவர்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென்று இலங்கையில் 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கோப்பிக் காலம் அது. பின்னர் 1912இல் புதிய சட்டங்கள் வந்தன. 1916இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். இவற்றை வெறும் கருணை என்று நான் கொள்வதில்லை. வாந்திபேதியும் கொக்கிப்புழுவும் ஆளைப் பிரட்டுக்கு வரவிடாமல் தடுத்தன. ஆகவே அவை கணக்கில் ஏறின. முழங்கால் தேய்வதோ முப்பது நாற்பது வருடம் உழைத்து முடிந்த பிறகு. சேமலாப நிதிப் பணத்தை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டவளின் காலைப்பற்றிச் செக்ரோலில் எழுத இடமில்லை. தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்ததும் பூசும் தைலமும் வெள்ளை மாத்திரையுமே.

உலகம் மட்டும் சும்மா இருக்கவில்லை. 1890இல் பேர்லினில் தெமிஸ்டோகிளிஸ் குளுக் என்ற வைத்தியர், காசநோயால் அழிந்த முழங்கால் ஒன்றுக்கு யானைத்தந்தத்தில் செய்த மூட்டைப் பொருத்தினார். கிருமித் தொற்றினால் அம்முயற்சிகள் நிலைக்கவில்லை. பொறியியல் படித்துவிட்டு வைத்தியரான கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன், 1968 அளவில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட மூட்டை உருவாக்கினார். 1974இல் நியூயோர்க்கில் ஜோன் இன்சால் குழுவினர் பயன்படுத்தத் தொடங்கிய வடிவமே இன்றைய மூட்டுகளுக்கு மூதாதை.

ரோபோ வந்தது இடுப்பு வழியாக. கலிபோர்னியாவில் மிருக வைத்தியர் ஹோவர்ட் போலும் எலும்பு வைத்தியர் வில்லியம் பார்கரும் முதலில் நாய்களிலும், 1992இல் மனிதரிலும் 'ரோபோடொக்' இயந்திரத்தைக் கையாண்டனர். அது தானே எலும்பைக் குடைந்தது. இன்று பெயர்பெற்ற 'மேக்கோ' அப்படியல்ல. சி.டி. ஸ்கேனிலிருந்து நோயாளியின் எலும்புக்குக் கணினியில் உருவம் அமைத்து, எலும்பில் பொருத்திய அடையாளங்களால் கால் அசைவதைக் கண்காணிக்கிறது. வாளைப் பிடித்திருப்பது வைத்தியரின் கைதான். குறித்த எல்லையைத் தாண்டினால் இயந்திரக்கை இடங்கொடாது. முழு முழங்கால் மாற்றுக்கு அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது 2015இல்.

வெட்டு துல்லியமாகிறது என்பதில் ஐயமில்லை. நோயாளி அதனால் கூடுதல் காலம் நன்றாக நடக்கிறாரா என்பது வேறு கேள்வி. பத்தாண்டுகளுக்குமேல் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான தென்கொரிய ஆய்வொன்று, ரோபோடொக்கால் செய்ததற்கும் வழமையான முறைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. நண்பரிடம் இதை நான் சொல்லவில்லை. புதுக்கால் வந்த மகிழ்ச்சியைக் கெடுப்பானேன்!

இந்தச் சரித்திரத்தில் என்னைக் கவர்ந்தது ஜேர்மனியில் நடந்த ஒரு வழக்கு. ரோபோடொக்கால் இடுப்புச் சத்திரசிகிச்சை பெற்று நரம்பு பாதிக்கப்பட்ட ஒருவர் நீதிமன்றம் சென்றார். 2006இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு வழங்கவில்லை. ஆனால், புதிய முறையொன்றைக் கையாளும்போது இன்னும் அறியப்படாத ஆபத்துகள் இருக்கக்கூடும் என்பதையும் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று கூறியது. தெரியாததைக்கூடச் சொல்ல வேண்டுமாம். அதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட டிக்கோயா வைத்தியசாலை 2017 மே 12ஆம் திகதி நரேந்திர மோடியால் திறந்துவைக்கப்பட்டது. பெரியம்மா அதைப் பார்க்கவில்லை. அவர் சென்றது தொலைவிலிருந்த பெரிய வைத்தியசாலை ஒன்றுக்கு. அங்கே படம் எடுத்து, மூட்டு மாற்ற வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லி, பெயரைப் பதிந்து அனுப்பினார்கள். கூடச் சென்ற அண்ணன் பாதியை விளங்கிக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து அழைப்புக் கடிதம் வந்தது. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி ஏது? தபால் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும். அங்கிருந்து கங்காணி கைமாறி, ஒரு பிள்ளையின் புத்தகப் பைக்குள் கிடந்து வீடு வந்து சேர்ந்தபோது, குறித்த திகதி கழிந்து பதினொரு நாளாகியிருந்தது. அதுவும் சிங்களக் கடிதம். நான் ஊருக்குச் சென்றிருந்தபோது வாசித்துச் சொன்னேன்.

"சரி, வையி" என்று சொல்லி, பெரியம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகச் சொன்னார். அவர் இறந்தபின் படத்தைக் கழற்றியபோதும் அது அங்கேதான் இருந்தது.