எம்.எஸ்சி. நர்சிங்: பிற பட்டதாரிகளுக்கான வழி

செவிலியம் அல்லாத இளங்கலைப் பட்டம் பெற்றவர் இந்தியாவில் நேராக எம்.எஸ்சி. நர்சிங் சேர முடியாது. பி.எஸ்சி. நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், மாநில கவுன்சிலில் செவிலியர்–மருத்துவச்சிப் பதிவு, ஓராண்டுப் பணி அனுபவம், 55 விழுக்காடு மதிப்பெண் ஆகியவற்றை இந்திய நர்சிங் கவுன்சில் கேட்கிறது.

சேலம் அஸ்தம்பட்டியில் விலங்கியல் பட்டத்துடன் இருக்கும் ஒருவர் இத்துறைக்கு வர விரும்பினால், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து மீண்டும் முதலாண்டில் சேர வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்; அனுபவமும் முதுகலையும் சேர்த்து ஏழாண்டு. மற்றவர்களுக்கு மூன்றாண்டு டிப்ளமோவான ஜி.என்.எம். உண்டு. அதன்பின் இரண்டாண்டு போஸ்ட் பேசிக், ஓராண்டு அனுபவம், இரண்டாண்டு முதுகலை. டிப்ளமோவுக்கு 35 வயது வரம்பு இருப்பதால், குடும்பப் பொறுப்பு முடிந்து வரும் பெண்கள் பலருக்கு அந்தக் கதவும் அடைபடுகிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1974இலேயே பிற பட்டதாரிகளுக்கு மூன்றாண்டு முதுகலைத் திட்டம் தொடங்கியது. பிரிட்டனில் இரண்டாண்டு முதுகலையிலேயே செவிலியர் பதிவுக்குத் தகுதி பெறலாம். நோயாளியின் படுக்கையருகே பெறும் பயிற்சி நேரத்தை எவருக்கும் குறைக்கக் கூடாது. ஆனால் உடற்கூறியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் ஆகியவற்றில் ஏற்கெனவே தேறியவரை அதே தாளை மறுபடி எழுதச் சொல்வது அவருடைய ஆண்டுகளை வீணாக்குவது. இந்தியாவில் மருத்துவமனை நிர்வாகம், பொதுச் சுகாதாரம் ஆகிய முதுகலைகளில் பிற பட்டதாரிகள் சேரலாம். ஆனால் அவை செவிலியர் பதிவைத் தருவதில்லை.