கூண்டு ஓய்வும் தண்ணீர்த் தொட்டியும்

நாய்களுக்கான நீர்ச்சிகிச்சையைப் பணக்காரர்களின் புது ஆடம்பரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அது வந்த வழியைத் தேடிப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. போலியோ நோயாளிகளிடம் தொடங்கி, பந்தயக் குதிரைகளின் லாயம் வழியாக, கடைசியில்தான் அது நாயிடம் வந்து சேர்ந்தது. போலியோ தாக்கிய காலைச் சிம்பு வைத்து அசையாமல் கட்டிவிடுவதே அன்றைய மருத்துவ வழக்கம். 1921இல் போலியோவால் நோயுற்ற, பின்னாளில் அமெரிக்க அதிபரான ரூஸ்வெல்ட், 1924இல் ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக்குப் போனார். தரையில் துணையின்றி நிற்க முடியாத அவரால் வெதுவெதுப்பான நீருக்குள் கால்களை அசைக்க முடிந்தது. 1926இல் அந்த இடத்தையே வாங்கினார். ஆஸ்திரேலியத் தாதி எலிசபெத் கென்னி சிம்புகளைக் கழற்றிவிட்டு, சூடான ஒத்தடமும் அசைவுப் பயிற்சியும் கொடுத்தபோது மருத்துவர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். அசையாத தசை தேய்ந்துபோகும் என்ற உண்மை, இப்படி வாதாடித்தான் இடம்பிடித்தது.

மனிதர்களுக்கு வைத்தியம் பார்த்த பிசியோதெரபிஸ்டுகளே இந்த அசைவுச் சிகிச்சையை விலங்குகளிடம் கொண்டுபோனார்கள். பிரிட்டனில் மவுண்ட்பேட்டன் பிரபுவுக்குச் சிகிச்சை அளித்த சார்லஸ் ஸ்ட்ராங், அவருடைய போலோ குதிரைகளையும் கவனித்தார். கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதலில் விலங்குகளுக்குப் பிசியோதெரபி செய்யலாம் என்று 1962இல் அங்கே ஓர் அரசாணை வந்தது. எந்தக் கருவியையும்விட அந்த அனுமதிதான் இத்தொழிலுக்கு அடித்தளம் என்பேன். குளம்பு எலும்பில் நோய் இருந்த ரெட் ரம் என்ற குதிரையை, சவுத்போர்ட் கடற்கரையில் அலைநீரில் நடக்கவிட்டுத் தயார்செய்தார்கள். 1973, 1974, 1977 என மூன்று முறை அது கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றது. ஒரு குதிரையின் வெற்றி மருத்துவச் சான்றாகிவிடாதுதான். ஆனால் அந்தக் கால்களுக்குச் சந்தை விலை இருந்ததால், அவற்றைக் காப்பாற்ற எதையும் செய்துபார்க்க ஆள் இருந்தது.

வீட்டு நாய்க்கு அந்த விலை இல்லை. அறுவைக்குப் பிறகு அதற்குக் கிடைத்தது பல வாரக் கூண்டு ஓய்வு. அதை அலட்சியம் என்று சொல்வது நியாயமல்ல; சரிசெய்த மூட்டு பிய்ந்துவிடுமோ என்ற பயம் மருத்துவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. அந்தப் பயத்தைக் குறைத்தது அறுவையின் முன்னேற்றம். முழங்கால் தசைநார் அறுந்த நாய்க்குக் கால் எலும்பின் மேற்பகுதியை வெட்டித் திருப்பி, உலோகத் தகடு வைத்துப் பொருத்தும் முறையை அமெரிக்காவின் ஸ்லோகம் தம்பதி 1993இல் வெளியிட்டார்கள். மூட்டு உறுதியாக நிற்கும் என்றானதும் சீக்கிரமே அசைக்கலாம் என்ற துணிவு வந்தது. 1999இல் ஒரிகனின் கொர்வாலிஸ் நகரில் விலங்கு மறுவாழ்வு மருத்துவத்துக்கான முதல் சர்வதேச மாநாடு கூடியது. 2010இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது.

தண்ணீர் செய்யும் வேலை எடைக் கணக்கில் தெரியும். கணுக்கால் அளவு நீரில் நாயின் கால்கள் உடல் எடையில் ஏறக்குறைய 91 சதவீதத்தைத் தாங்குகின்றன. முழங்கால் அளவில் 85, இடுப்பு அளவில் 38 சதவீதம்தான். கண்ணாடித் தொட்டிக்குள் நீர் மெல்ல ஏற, அடியில் டிரெட்மில் பட்டை நகரத் தொடங்கும். நாய் முன்கால்களை வழக்கத்தைவிட உயரத் தூக்கி வைக்கும். பின்னால் நிற்பவர் பலவீனமான காலைக் கையால் பிடித்து, பாதம் மடங்காமல் பட்டையில் பதியவைப்பார்.

வலுவான மறுப்பு ஒன்று 2018இல் வந்தது. முதுகெலும்பு வட்டு பிதுங்கி அறுவை செய்யப்பட்ட நாய்களைச் சீட்டுக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். அடிப்படைப் பயிற்சி பெற்றவற்றைவிட, தொட்டி நடையும் சேர்ந்த தீவிரப் பயிற்சி பெற்றவை வேகமாகத் தேறவில்லை. தொட்டியின் பெயரால் பெரிய வாக்குறுதி தருபவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தச் சோதனையில் எந்த நாயையும் கூண்டில் அசையாமல் போடவில்லை. இரு பிரிவுக்கும் ஏதோ ஓர் அளவில் அசைவு இருந்தது. பழைய கூண்டு ஓய்வு ஒப்பிடக்கூட அங்கே இல்லை. தொட்டிக்குப் பணம் இல்லாதவருக்கு இது நல்ல செய்தி: மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கி, தன் நாயை அவர் வாசலிலேயே நடத்திப் பழக்கலாம்.